மண்ணீரல் வீங்கியிருந்தது

ஒவ்வொரு வருஷமும் மருத்துவ மேற்படிப்பு கவுன்சிலிங் ஆரம்பித்ததும் எனக்கு நாலைந்து போன் வரும். எல்லாம் ஊரைவிட்டு வந்து செட்டிலான தமிழ்க் குடும்பங்கள். பெங்களூர், புனே, டில்லி, இங்கே கொல்கத்தாவிலேயே லேக் மார்க்கெட் பக்கம். கேள்வி ஒன்றுதான். "சார், பொண்ணுக்கு ஆல் இந்தியா கோட்டாவுல ஃபாரன்சிக்தான் கிடைக்கும் போலிருக்கு. எடுக்கலாமா, இல்லே இன்னொரு வருஷம் எழுதச் சொல்லட்டுமா?"

அந்த 'தான்' இருக்கிறதே, அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ரேடியாலஜி கிடைத்தால் யாரும் 'தான்' போடுவதில்லை :-)

நான் இந்தத் துறையில் வாத்தியார். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எம்.டி. படிக்க கொல்கத்தா வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். வேலை, சம்பளம் பற்றிய கேள்விக்கு ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம், கடைசியில் சொல்கிறேன். ஆனால் பிள்ளையை இதில் சேர்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒருவராவது தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல முடிவதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரத்தக்கறை, துப்பாக்கிக் குண்டு, டி.என்.ஏ. என்று ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்ப்பது தடய அறிவியல். அதற்கு பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. படித்தால் போதும், டாக்டராக இருக்க வேண்டியதில்லை. நான் சொல்வது தடயவியல் மருத்துவம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருஷம் எம்.டி. அந்தக் காலத்தில் இதற்கு 'மெடிக்கல் ஜூரிஸ்புரூடன்ஸ்' என்று பெயர், தமிழில் சட்ட மருத்துவம். இறந்தவர் உடலைப் பார்த்து எப்படி இறந்தார் என்று எழுதுவது ஒரு பாதி. உயிரோடு இருப்பவரின் காயம், வயது, வன்புணர்வுப் புகார், விஷம், குடிபோதை இதையெல்லாம் பரிசோதித்துச் சான்று கொடுப்பது இன்னொரு பாதி. சீரியல்களில் இந்த இரண்டாவது பாதி வருவதே இல்லை.

இனி கதை. உடலைப் பார்த்துச் சாவின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் யோசனை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்ல. திடீர் மரணங்களை எப்படி ஆராய வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. உடலில் எண்ணெய் பூசிப் பார்க்கச் சொல்கிறார். தூக்கில் தொங்கியது, கழுத்தை நெரித்தது, தண்ணீரில் மூழ்கியது, விஷம் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் சொல்கிறார். விசாரித்த பிறகுதான் தண்டனை என்கிற ஒழுங்கு புத்தகத்தில் இருந்தது. நடைமுறையில் எப்படி என்று கேட்டால், நம் கோவலன் கதைதான். வெட்டிய பிறகுதான் சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள்!

ஆனால் ஆவணமாகக் கிடைக்கும் முதல் சட்டபூர்வமான பிரேதப் பரிசோதனை நம்ம ஊரில்தான் நடந்தது. 1693 ஆகஸ்ட் மாதம், மெட்ராஸ், செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் என்பவருக்கு உடம்பு சரியில்லை. கம்பெனி சர்ஜன் சாமுவேல் பிரவுன் மருந்து கொடுத்தார். வீலர் இறந்துபோனார். எட்வர்ட் பல்க்லி என்ற இன்னொரு டாக்டர் உடலைப் பரிசோதித்து, ஆர்சனிக் விஷம் என்றார். விசாரித்தால், மருந்தை இடித்த கல்வத்தில் அதற்கு முன்னால் ஆர்சனிக்கை இடித்திருக்கிறார்கள். சரியாகச் சுத்தம் செய்யவில்லை. பிரவுன் தானே கவர்னருக்குக் கடிதம் எழுதி, வீலரைக் கொன்றுவிட்டேன், தண்டனை கொடுங்கள் என்று ஒப்புக்கொண்டார். கடைசியில் ஜூரி அவரை விட்டுவிட்டது.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தியாவில் பதிவான முதல் சட்டப் பரிசோதனை ஒரு டாக்டரின் கவனக்குறைவை இன்னொரு டாக்டர் எழுதியது. சக டாக்டர், ஒரே கோட்டைக்குள் தினமும் முகம் பார்க்க வேண்டியவர், இருந்தும் எழுதினார். என் மாணவர்களுக்கு முதல் வகுப்பே பல்க்லிதான்.

அடுத்து கல்கத்தா. மெட்ராஸ், கல்கத்தா இரண்டு மருத்துவக் கல்லூரிகளும் 1835-இல் ஆரம்பித்தவை (யார் முதல் என்பதில் இங்கே என் சக ஆசிரியர்களோடு எனக்கு நிரந்தரச் சண்டை). 1836 ஜனவரியில் பண்டிட் மதுசூதன் குப்தா கல்கத்தாவில் மனித உடலை அறுத்துப் பாடம் படித்தார். வைத்தியர் குலம், சமஸ்கிருதக் கல்லூரி ஆசிரியர், பிணத்தைத் தொட்டார். அன்றைக்கு வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மேல்சாதிக்காரர் ஒருநாள் தொட்டதற்குப் பீரங்கி. தலைமுறை தலைமுறையாகத் தொட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு? வங்காளத்தில் பிணவறையில் உடலைத் திறந்து, பிறகு தைத்துக் கொடுக்கும் ஊழியர்களை இன்றும் சாதிப் பெயராலேயே 'டோம்' என்கிறார்கள். நம்ம ஊர் மார்ச்சுவரிகளிலும் அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2021-இல் கொல்கத்தாவின் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி ஆறு டோம் பணியிடங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. எட்டாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு சுமார் 8,000 விண்ணப்பம் வந்தது, அதில் இன்ஜினியர்களும் பட்ட மேற்படிப்பு படித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு முதல் வெட்டு எங்கே போட வேண்டும், தோல் நீலமாகத் தெரிவதெல்லாம் காயமில்லை என்று கையைப் பிடித்துக் காட்டியவர் ஒரு டோம்தான், பேராசிரியர் அல்ல. அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1845-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவத்துக்கென்று தனிப் பேராசிரியர் பதவி வந்தது. மெட்ராஸில் 1857-இல். இதற்கு நடுவில், 1849-இல், மெட்ராஸில் அரசு ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் ஆரம்பித்துவிட்டார்கள். கல்கத்தாவுக்கு அது வந்தது நான்கு வருஷம் கழித்துத்தான் (சண்டையில் இதை நான் உபயோகிப்பதுண்டு). காரணம் விஷம். ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836-இல் வந்துவிட்டதால், வயிற்றில் என்ன இருந்தது என்று முதல்முறையாக நிரூபிக்க முடிந்தது. வடக்கே வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை கொடுத்துக் கொள்ளை, எல்லா இடத்திலும் ஆர்சனிக், அபின். அரளி விதைக்கு நம்ம பக்கம் அறிமுகமே தேவையில்லை.

1856-இல் நார்மன் செவர்ஸ் என்ற டாக்டர் வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணத்துக்குமான சட்ட மருத்துவக் கையேட்டை கல்கத்தாவில் வெளியிட்டார். இந்தியச் சூழலுக்கென்று எழுதப்பட்ட முதல் பெரிய புத்தகம் அது. பின்னாளில் அதை விரித்து இந்தியா முழுமைக்கும் ஆக்கினார். உழைப்பு அபாரம். ஆனால் அதன் அஸ்திவாரம் என்ன? இந்தியச் சாட்சிகள் பொய் சொல்வார்கள், வாய்மொழியை நம்ப முடியாது, ஆகவே உடலைக் கேள். அன்றைய அரசு சட்ட மருத்துவத்தை இந்தியாவில் வளர்த்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த அவநம்பிக்கை. உடல் பொய் சொல்லாது என்று நாம் இன்று பெருமையாகச் சொல்லும் வசனத்துக்குப் பின்னால், 'உயிரோடு இருக்கிற நீ பொய் சொல்வாய்' என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது.

சரி, உடல் பொய் சொல்லாது. ஆனால் உடல் சொன்னதை எழுதுகிற பேனா?

இங்கேதான் மண்ணீரல் வருகிறது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு மண்ணீரல் வீங்கிவிடும். விலா எலும்புக்குள் ஒளிந்திருக்க வேண்டியது வயிற்றில் கைக்குத் தட்டுப்படும். அப்படி வீங்கியது லேசான அடியிலும் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி ஆள் இறந்துவிடலாம். இது மருத்துவ உண்மை, இதில் சந்தேகமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஏழை உழைப்பாளிகளில் ஏராளமானோருக்கு இப்படி வீங்கிய மண்ணீரல் இருந்தது. அதே காலத்தில், வேலைக்காரனை உதைத்த வெள்ளைக்கார எஜமானர்களின் வழக்குகளில் டாக்டரின் சாட்சியம் ஒரே பாட்டாக இருந்தது: மண்ணீரல் வீங்கியிருந்தது. ஆரோக்கியமான ஆளாக இருந்தால் செத்திருக்க மாட்டான். முடிவு, அபராதம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆக்ரா பங்களாக்கள் வரை இதே கதை.

அதில் ஒன்று இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. 1876-இல் தீர்ப்பு வந்த ஃபுல்லர் வழக்கு. ஃபுல்லர் என்பவர் ஆக்ராவில் ஆங்கிலேய வக்கீல். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்குக் கிளம்பினார். வண்டி வாசலுக்கு வந்த நேரத்தில் குதிரைக்காரர் கட்வாரு அங்கே இல்லை. ஃபுல்லர் அவரைத் தலையிலோ முகத்திலோ அறைந்து, முடியைப் பிடித்து இழுத்தார், அவர் கீழே விழுந்தார். குடும்பம் சர்ச்சுக்குப் போய்விட்டது. கட்வாரு எழுந்து பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போனார், அங்கேயே இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை என்ன சொன்னது? மண்ணீரல் கிழிந்து மரணம். வீங்கியிருந்ததால் சிறிய அடியோ ஒரு விழுதலோகூடப் போதுமானது.

மாஜிஸ்திரேட் லீட்ஸ் கொடுத்த தண்டனை 30 ரூபாய். கட்டாவிட்டால் 15 நாள் சாதாரணச் சிறை. பணம் விதவைக்குப் போக வேண்டும் என்றும் உத்தரவு. உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. வைஸ்ராய் லிட்டன் (ஆமாம், பஞ்சம் புகழ் லிட்டன் பிரபுவேதான்) இதைக் கடுமையாகக் கண்டித்துக் குறிப்பு எழுதினார். லீட்ஸுக்குக் கண்டனம், ஒரு வருஷமாவது மாவட்டப் பொறுப்பு கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. உடனே இங்கிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகள் லிட்டன் மேல் பாய்ந்தன. செத்தவரைவிட லீட்ஸ் மேல் இரக்கம் அதிகமாக இருந்தது.

இந்த வழக்கை நான் வகுப்பில் கொடுப்பேன். மாணவர்கள் கொதிப்பார்கள், 'டாக்டர் பொய் சொல்லிவிட்டார்' என்பார்கள். இல்லை. டாக்டர் பொய் சொன்னார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மண்ணீரல் உண்மையிலேயே வீங்கித்தான் இருந்திருக்கும். அதுதான் இந்தக் கதையின் பயங்கரம். பொய் ரிப்போர்ட்டைப் பிடித்துவிடலாம், அதற்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் நிஜமாக இருந்து, அடித்தவனைக் காப்பாற்றுகிற ரிப்போர்ட்டை என்ன செய்வது?

இத்தனைக்கும் சட்டம் அதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 299-ஆம் பிரிவு, முதல் விளக்கம்: ஏற்கெனவே நோயுள்ள ஒருவரைக் காயப்படுத்தி, அதனால் அவர் சாவு விரைவுபட்டால், காயப்படுத்தியவரே சாவை விளைவித்தவராகக் கருதப்படுவார். கொல்லும் எண்ணம் இருந்ததா, விளைவு தெரியுமா என்பது தனிக் கேள்வி, அதை நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனால் 'நோயாளி, அதனால் செத்தான்' என்று கைகழுவ முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 100-ஆம் பிரிவில் இதே விளக்கம் இருக்கிறது. ஆக்ராவில் 1876-இல் இந்தச் சட்டத்துக்கு வயது பதினாறு.

ஆகவே வகுப்பில் ஒரு பயிற்சி. கட்வாருவின் மரணக் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். பெரும்பாலோர் 'வீங்கிய மண்ணீரல் கிழிந்ததால் ரத்தப்போக்கு' என்று எழுதுவார்கள். பாதி மார்க். எதனால் கிழிந்தது? 'அடிபட்டு விழுந்ததில் மண்ணீரல் கிழிந்து உள் ரத்தப்போக்கு. மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது.' இரண்டிலும் உண்மைகள் ஒன்றுதான். முதல் வரியில் அடித்தவன் இல்லை.

நீங்கள் சிரிக்கலாம், ஆனால் இதே மண்ணீரல் இன்று வேறு பெயரில் வருகிறது. மரணக் காரணம் என்ற இடத்தில் 'இதயமும் சுவாசமும் நின்றதால்' என்று எழுதப்பட்ட எத்தனையோ காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். இதயம் நிற்காமல் யாராவது சாவார்களா? அது சாவின் வர்ணனை, காரணம் அல்ல. காவலில் இருந்தவர் இறந்தால் 'இதய நோய் ஏற்கெனவே இருந்தது' என்ற வரி எவ்வளவு சீக்கிரம் பேப்பருக்கு வருகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

டாக்டர்களின் இன்னொரு முகத்தைக் காட்டும் வழக்கும் இங்கேதான் நடந்தது. ஹௌரா மெயிலில் வந்து இறங்கிய எல்லாருக்கும் ஹௌரா ஸ்டேஷனின் நெரிசல் தெரியும். 1933 நவம்பர் 26 அன்று அந்த நெரிசலில் அமரேந்திர பாண்டே என்ற இளைஞரை ஒருவன் உரசிக்கொண்டு போனான். கையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. பாகூர் ஜமீன் குடும்பம் (இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது), மாற்றாந்தாய் மகனான அண்ணனோடு சொத்துத் தகராறு. சில நாளில் காய்ச்சல். டிசம்பர் 4 அன்று இறந்துவிட்டார். இறப்பதற்கு முன் எடுத்த ரத்தத்தை வளர்த்துப் பார்த்த முடிவு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பிளேக் கிருமி!

பிளேக் எங்கிருந்து வந்தது? பம்பாய் ஆய்வகங்கள் வரை விசாரணை போனது. அண்ணனுக்காகக் கிருமியைத் தேடி அலைந்தவர் ஒரு டாக்டர். 1935-இல் இருவருக்கும் மரண தண்டனை. அடுத்த வருஷம் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கிருமியைத் தேடியதும் டாக்டர், ரத்தத்தை எடுத்துப் பரிசோதிக்க அனுப்பியதும் டாக்டர்கள். நோயாளிக்கு வெறும் காய்ச்சல் என்று அன்றைக்கு அந்த ரத்தத்தை எடுக்காமல் விட்டிருந்தால் வழக்கே இல்லை.

நம்ம ஊர் ஆளவந்தார் வழக்கு (1952) பெரியவர்களுக்கு நினைவிருக்கும். போட் மெயிலில் மானாமதுரைப் பக்கம் நாற்றமடித்த டிரங்குப் பெட்டி, அதற்குள் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில். இரண்டையும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துப் பார்த்து ஒரே ஆள் என்றார்கள். அவர் ராணுவத்தில் இருந்தபோது பதிந்த கைரேகை இன்னார் என்று உறுதிப்படுத்தியது. அந்தக் கைரேகை முறையின் ஊர் எது என்கிறீர்கள்? கல்கத்தாதான். 1897-இல் இங்கே கைரேகைப் பிரிவு தொடங்கியது. வகைப்படுத்தும் கணக்கில் பெரும் உழைப்பு அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு போலீஸ்காரர்களுடையது. உலகம் அதை 'ஹென்றி முறை' என்று அவர்கள் மேலதிகாரி பெயரால் அழைக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது :-)

பாடப்புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. ஆக்ராவிலும் லக்னோவிலும் பாடம் எடுத்த ஜெய்சிங் மோடி 1920-இல் எழுதிய சட்ட மருத்துவ நூல் இன்றும் இந்திய நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. வக்கீல் எழுந்து 'மோடி என்ன சொல்கிறார் தெரியுமா டாக்டர்?' என்று கேட்டால் அரசியல் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பிற்காலப் பதிப்புகளைத் திருத்தியவர்களில் நம்மவரான கே. மதிஹரனும் ஒருவர்.

நல்ல புத்தகங்கள்தான். ஆனால் செவர்ஸ் காலத்து அவநம்பிக்கை இந்தத் துறைப் பாடங்களிலிருந்து சீக்கிரம் போகவில்லை. 'சாட்சி பொய் சொல்வான்' என்பது 'புகார் சொல்லும் பெண் பொய் சொல்வாள்' என்று வேஷம் மாறி உட்கார்ந்துகொண்டது. இருவிரல் சோதனை என்ற அசிங்கத்தை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள், செய்தார்கள். நானும் அதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்றது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் புது வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அப்படியும் நிற்காததால் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. செய்கிறவர்கள் தவறிழைத்தவர்களாகக் கருதப்படுவார்கள், மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தையும் சரிபாருங்கள் என்று.

காவல் மரணங்களுக்கும் இப்படி மெதுவாகத்தான் வேலி போட்டார்கள். இங்கே கல்கத்தாவில் சட்ட உதவி அமைப்பு நடத்திய டி.கே. பாசு என்பவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் வழக்காகி, 1996 டிசம்பரில் தீர்ப்பானது. கைதானவரின் காயங்களைக் குறிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முந்தைய வருஷமே தேசிய மனித உரிமை ஆணையம் காவல் மரணப் பிரேதப் பரிசோதனைகளை வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இவற்றில் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும்.

2020 ஜூன், சாத்தான்குளம். அப்பா, மகன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் உடல்தகுதிச் சான்று வாங்கி, ரிமாண்ட் செய்து, கோவில்பட்டி சிறைக்கு அனுப்பினார்கள். சில நாளில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் நிபுணர்கள் பிரேதப் பரிசோதனை செய்தார்கள், வீடியோ எடுக்கப்பட்டது. ஜூன் 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்ள காயங்களையும் மாஜிஸ்திரேட் அறிக்கையையும் வைத்துப் பார்த்தால் கொலை வழக்காக மாற்ற முகாந்திரம் இருக்கிறது என்றது.

இரண்டு காகிதங்கள். ஒன்று அவர்கள் உயிரோடு இருந்தபோது எழுதியது, இன்னொன்று இறந்த பிறகு எழுதியது. முதல் காகிதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஏனென்றால் அந்த மாதிரிக் காகிதத்தை எழுதுவது பெரும்பாலும் என்னைப் போன்ற எம்.டி. அல்ல. தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டியில், வாசலில் போலீஸ் ஜீப் நிற்க, தனியாக உட்கார்ந்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர், சில சமயம் போன வருஷம்தான் பாஸ் பண்ணினவர். நாட்டில் பிரேதப் பரிசோதனைகளிலும் கணிசமான பங்கு அவர்கள் கையில்தான். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் துறையின் பெரிய வேலை. மார்ச்சுவரி வேலை அதற்கு அடுத்தது என்பேன்.

இனி அந்த ஐந்து நிமிஷ பதில். மருத்துவக் கல்லூரி இருக்கும் இடமெல்லாம் இந்தத் துறை இருந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். ஆகவே ஆசிரியர் வேலை கிடைக்கும். தனி பிராக்டீஸ் கிடையாது, கிளினிக் போர்டு மாட்ட முடியாது, கார்டியாலஜிஸ்ட் நண்பன் வாங்கும் காரை நினைத்துப் பெருமூச்சு விடக்கூடாது. ராத்திரி எமர்ஜென்சி தொல்லை குறைவு. 2021 நவம்பரில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது, ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேகமான சாவு இதெல்லாம் பொதுவாக அதில் சேராது. நாற்றம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். குழந்தைகளின் உடல் பழகாது, எனக்கு இன்னும் பழகவில்லை.

கோர்ட் சம்மன் எட்டு வருஷம் கழித்துக்கூட வரும், அதற்குள் நீங்கள் மூன்று ஊர் மாறியிருப்பீர்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் கத்துவார், நாம் ரிப்போர்ட்டில் எழுதியதை மட்டும் சொல்ல வேண்டும். எழுதாததைச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதும்போதே கட்வாருவை நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். தாராளமாக. என்னிடம் படித்தவர்களில் வெட்டுக்காயத்தையும் கிழிசல் காயத்தையும் கண்ணாலேயே பிரித்துச் சொல்வதில் கெட்டிக்காரர்கள் பெண்கள்தான். வரன் பார்க்கும்போது 'என்ன ஸ்பெஷாலிட்டி?' என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும்.

வெளிமாநிலத்தில் சீட் கிடைத்தால் ஒன்று மட்டும் அவசியம். முதல் மாதத்திலேயே அந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இறந்தவருக்குக் கடைசியாக என்ன ஆனது, யார் பார்த்தார்கள், என்ன மருந்து சாப்பிட்டார் என்பதெல்லாம் மார்ச்சுவரி வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களிடம்தான் இருக்கும். அவர்கள் இங்கிலீஷில் அழுவதில்லை. நான் வங்காளத்தில் முதலில் கற்றது 'பாடி கொகோன் பாபோ?' என்ற கேள்வி. 'உடலை எப்போ தருவீங்க?' என்று அர்த்தம். பதில் சொல்லக் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு மாதம் ஆனது.